பெட்டைக்கோழிக்கு நடுகல் இல்லை

விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட ஒரு நடுகல்லில் மனித உருவம் கிடையாது. வில் இல்லை, வாள் இல்லை, குதிரை இல்லை. ஒரு சேவல் மட்டும் நிற்கிறது. முகையூர் மேற்சேரியின் கோழி அது, சண்டையில் மாண்டது என்று பக்கத்தில் பழைய வட்டெழுத்து சொல்கிறது. இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல் கீழ்ச்சேரிக் கோழிக்கு எடுத்தது. அந்தக் கோழிக்குப் பொற்கொற்றி என்று பெயர்கூட இருந்திருக்கிறது. ஏறத்தாழ 1500 வருசத்துக்கு முந்திய கற்கள் இவை.

இதில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மேற்சேரி, கீழ்ச்சேரி. அன்றைக்குச் சேரி என்றால் ஊரின் ஒரு பகுதி, மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். அந்தச் சேரியின் சேவலுக்குக் கல் நட்டால் யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகவில்லை. பிறகு 11ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்கு வந்தால் பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரி இருக்கிறது. சேரி என்ற சொல்லின் தலையெழுத்து மாறிவிட்டது. கல்வெட்டில் ஏறிய சேரிகளை இப்படி எண்ணிப் பார்க்க முடிகிறது. சேரிக்குள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகளை எண்ணியவர் யார்?

சேவலுக்குக் கல் கிடைத்ததில் ஆச்சரியமில்லை. சேவல் சண்டைக்குக் கூட்டம் கூடும், பந்தயம் கட்டுவார்கள், செத்தாலும் கதை மிஞ்சும். அது ஆம்பளை விவகாரம். பெட்டை என்ன செய்தது? முட்டையிட்டது, அடைகாத்தது, குஞ்சு பொரித்தது, பருந்தைப் பார்த்தால் சிறகுக்குள் குஞ்சுகளை இழுத்துக்கொண்டது. கடைசியில் ஒரு நாள் காலைக் கட்டி யாராவது தூக்கிக்கொண்டு போனார்கள். இதற்கெல்லாம் யாரும் கல் நடுவதில்லை. ஆனால் நிலமும் மாடும் மறுக்கப்பட்ட ஒரு சனம், தனது என்று சொல்லி வைத்துக்கொண்ட சொத்தின் வரலாற்றை எழுத வேண்டுமானால், இந்தப் பெட்டைக்கோழியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் பெண்களின் சொத்தைப் பற்றி என்றால் வேறு வழியே இல்லை.

பழைய தஞ்சை மாவட்டத்தில் ஒரு பண்ணையாள் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டது என் அப்பாயி. அதன் கோழிகளுக்குப் பெயர் உண்டு. செவலை, கருப்பி, கொண்டைக்காரி. ‘ஆடு மாடெல்லாம் ஆம்பள கணக்கு. கோழி எங் கணக்கு. உங்க அப்பாயா இருந்தாலும் கேக்காம முட்டைய எடுத்தா நான் சும்மா வுடமாட்டேன்’ என்று அப்பாவிடம் சொல்லும். கூரைக்கு இறங்கும் சாரத்தில் பழைய கூடை கட்டி, அதில் சாம்பலும் மணலும் போட்டு, பதினைந்து முட்டை வைத்து அடை உட்கார்த்தும். இடிக்கு முட்டை கூழாகிவிடும் என்று ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் கூடைக்குள் கிடக்கும். இருபத்தோரு நாள் கணக்கு. பன்னிரண்டு குஞ்சு பொரிந்தால் பருந்துக்கு ரெண்டு, கீரிக்கு ரெண்டு, வெள்ளைக் கழிச்சலுக்கு நாலு. மிஞ்சுவது நாலோ அஞ்சோ. அந்த நாலு அஞ்சில்தான் வைத்தியச் செலவு, திருவிழாத் துணி, என் பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பணம்.

வாரம் என்று ஒரு முறை சேரியில் இருந்தது, இன்றும் சில இடங்களில் இருக்கிறது. கோழி இல்லாத வீட்டுக்காரி, கோழி உள்ளவளிடம் ஒரு வெடைக்கோழியை வாங்கி வளர்ப்பாள். பொரிக்கும் குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி கோழிக்காரிக்கு. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. வாய்ச்சொல்தான். கையில் காசில்லாத ஒரு பெண் சொத்துக்காரி ஆவதற்குச் சேரிக்குள்ளே இருந்த ஒரே வழி அது.

இப்போது புத்தகங்களுக்கு வருவோம்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் பத்துப்பாட்டு நடத்தும்போது பட்டினப்பாலையில் ஒரு இடத்தை எல்லா ஆசிரியர்களும் ரசித்து ரசித்துச் சொல்வார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்ட, அந்த வீட்டுப் பெண் தன் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தக் குழை சிறுபிள்ளைகள் உருட்டும் விளையாட்டுத் தேரை வழிமறிக்கிறது. சோழ நாட்டின் செல்வ வளம் பாருங்கள் என்பார்கள். நாங்களும் எழுதி மார்க் வாங்கினோம்.

அதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையும் பாடியிருக்கிறார். அதில் இரண்டு இடங்களில் கோழி வருகிறது. வயல்வெளி ஊருக்குப் போகும் பாணனுக்கு, உழைப்பவர்கள் கொண்டுவந்து தந்த வெண்ணெல்லின் சோறும், வீட்டில் வளர்ந்த பெட்டைக்கோழியின் வாட்டிய கறியும் கிடைக்கின்றன. அளகு என்பது அங்கே பெட்டைக்குச் சொல்லும் பெயர். கொஞ்ச தூரம் போனதும் மறை ஓதுகிறவர்களின் குடியிருப்பு வருகிறது. சாணம் மெழுகிய வீடு, பந்தலில் கட்டிய கன்று, வேதம் சொல்லப் பழகிய கிளி. அங்கே கோழியும் நாயும் அண்டுவதில்லை என்று புலவர் சொல்லிவிட்டுப் போகிறார். வகுப்பில் இந்த இடத்தைக் கிளியின் அழகுக்காக மட்டும் நடத்தினார்கள். கோழி ஏன் அண்டவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பதில் மனுவிடம் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில், பார்ப்பனர் திதிச் சோறு உண்ணும்போது யார் யார் பார்க்கக்கூடாது என்று ஒரு பட்டியல் வருகிறது. சண்டாளன், ஊர்ப்பன்றி, கோழி, நாய், தீட்டுக்காரப் பெண், அலி என்று வரிசை. பக்கத்திலேயே விளக்கமும் உண்டு. பன்றி மோப்பத்தால் கெடுக்கும், கோழி சிறகடிக்கும் காற்றால் கெடுக்கும், நாய் பார்வையால் கெடுக்கும், கீழ்ப்பிறப்பாளன் தொட்டுக் கெடுப்பான் என்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தில், தெரிந்தே ஊர்க்கோழியைத் தின்ற இருபிறப்பாளன் சாதி கெடுவான் என்கிறது. பூண்டு, வெங்காயம், காளான், ஊர்ப்பன்றி எல்லாம் கூடவே வருகின்றன. பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து என்று விதிக்கிறது.

மூன்றையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். கோழியும் நாமும் ஒரே பட்டியலில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அதே நேரம் நமக்கு அனுமதித்த சொத்துப் பட்டியலில் கோழி இல்லை. 1927 டிசம்பர் 25இல் மகாடில் அம்பேத்கரும் தோழர்களும் கொளுத்திய புத்தகம் இதுதான். நாய், கழுதை என்று எழுதிவைத்த அந்தச் சட்டத்தை மீறி, எந்த எழுத்திலும் இல்லாமல், எவரிடமும் கேட்காமல் சேரிப் பெண்கள் கோழி வளர்த்தார்கள். இதை மீறல் என்று அவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கோழி எப்படி மனிதரிடம் வந்தது என்ற கதையும் நமக்கு வேண்டியதுதான். 2022இல் உலகம் முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கிடைத்த எலும்புகளை ஆய்ந்து அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டுக்கோழி என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்பு மத்திய தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்துடையது, கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. நெல்லும் தினைவகைகளும் விளைந்த இடங்களில் சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழி இறங்கி வந்தது, அப்படியே தங்கிவிட்டது என்கிறார்கள். நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் கானங்கோழியின் கலப்பால் வந்தவை என்று 2008இல் மரபணு ஆய்வு காட்டியது.

சிந்திய தானியத்தைத் தேடி வந்தது கோழி. தானியத்தை விளைவித்து, அறுத்து, அடித்து, தூற்றியவர்கள் யார்? நெல்லு மிராசுதார் பத்தாயத்துக்குப் போனது. களத்தில் மிஞ்சிய கருக்காய், பதர், மண்ணோடு கலந்த மணி சேரிக்கு வந்தது. புடைத்தது போக விழுந்த குருணையும் தவிடும் கோழிக்கு. அதுவும் போதாவிட்டால் குப்பைமேட்டில் புழு, கரையான். ஆண்டை வீட்டுக் கணக்கில் கழிவாக எழுதியதைப் பெட்டைக்கோழி முட்டையாக்கிச் சேரிப் பெண்ணின் கையில் கொடுத்தது. நிலம் இல்லாமல், முதல் இல்லாமல், யாரிடமும் கடன் வாங்காமல் இப்படி ஒரு சொத்து வேறு எது?

அப்படியானால் ஆதிக்க சாதியார் இதை ஏன் விட்டுவைத்தார்கள்? இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதி நாட்டார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றானது. ஹட்டன் தன் நூலில் இவற்றைப் பதிந்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. சட்டை, குடை, செருப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்துப் பயிரிடக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் அடிமாட்டு விலைக்கு மிராசுதாருக்கு விற்றுவிட வேண்டும், மறுத்தால் தண்ணீர் கிடையாது. காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணிவரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா.

செம்புக் குடத்தைக்கூட மறக்காத இந்தப் பட்டியலில் கோழி இல்லை. நிலத்தில் வாரம் கூடாது என்றவர்கள் கோழியில் வாரம் ஓடியதைக் கண்டுகொள்ளவில்லை. பெண்களின் சமாச்சாரம், அற்பம் என்று கண்ணில் படாமல் இருந்திருக்கலாம். ஆனால் அப்பாயியிடம் கேட்டபோது வேறு பதில் கிடைத்தது.

‘ஏன் தடுக்கணும்? அவுங்களுக்குத்தானே வளத்தோம்’ என்றது.

அறுபதுகளில் நடந்ததை அது சொல்லும். ஆண்டை வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காரியக்காரர் தெருமுனையில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். ‘ஏ, யாருடி அங்க, நல்லதா ஒரு கோழியப் புடி’ என்பார். எந்த வீட்டுக் கோழி என்பதை அவர் கைநீட்டலே தீர்மானிக்கும். அடை உட்கார இருக்கும் கோழி என்றாலும் சொல்ல முடியாது. காசு கொடுத்தால் கொடுத்ததுதான், கேட்கக்கூடாது. வயலில் கோழி இறங்கிவிட்டது என்றால் தனியாக அபராதம். ‘பஞ்சாரத்தக் கவுத்து ஒளிச்சு வச்சாலும் அந்த முண்டம் உள்ளார இருந்துக்கிட்டுக் கேறும். காட்டிக்குடுத்துடும்’ என்று சொல்லிச் சிரிக்கும். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும்.

ஆக, எடுத்துக்கொள்ள முடிகிற சொத்தை யாரும் தடைசெய்வதில்லை. நிலத்தை எடுக்கப் பத்திரம் வேண்டும், பொய்க் கணக்கு வேண்டும். கோழியை எடுக்க ஒரு குரல் போதும்.

கொல்லையில் கோழி வளர்ப்பது பற்றி இன்றைக்கு எவ்வளவோ பேர் எழுதுகிறார்கள். நாலு கோழி, கொஞ்சம் காய்கறி, நல்ல முட்டை, மனசுக்கு நிம்மதி. நல்லதுதான். ஆனால் கொல்லை என்று ஒன்று இருக்க வேண்டுமே. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்கீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் பற்றிய ஆணைக்கு வழிவிட்டது அது. குடிசை நிற்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியே தள்ளலாம், அந்தப் பயமே அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது அந்த அறிக்கையின் முக்கியமான கண்டுபிடிப்பு. மனை ஆண்டையுடையது என்றால் கொல்லையும் ஆண்டையுடையதுதான். கொல்லை ஆண்டையுடையது என்றால் அதில் மேயும் கோழி யாருடையது? காரியக்காரர் தெருமுனையில் நின்று கைநீட்டியதற்குப் பின்னால் இந்தச் சட்டம்தான் இருந்தது.

தஞ்சையில் இது மாறுவதற்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் கூலி கேட்ட மக்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனை அவர்களுக்கே உரிமை என்றானது. ‘பட்டா வந்த பொறவுதான்டா நான் கோழிக்குக் கூடு கட்டுனேன். அதுக்கு முந்தி பஞ்சாரம்தான், தூக்கிட்டு ஓடலாம் பாரு’ என்றது அப்பாயி. கூடுக்கும் பஞ்சாரத்துக்கும் நடுவில் இவ்வளவு வரலாறு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதே கேள்வியை வேறு நாட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவைப் பற்றி விசாரித்தார். 1972இல் பம்பாய்த் தோழர்கள் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். அந்த மக்களின் கொல்லையில் என்ன நடந்தது?

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம். 1705இல் அங்கே வந்த சட்டம், அடிமைகளிடம் குதிரை, மாடு, பன்றி எது இருந்தாலும் பறித்து விற்றுவிட வேண்டும், அந்தப் பணம் ஏழைகளுக்குப் போக வேண்டும் என்றது. எந்த ஏழைகளுக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சட்டத்திலும் கோழி இல்லை. 1798இல் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணைக்குப் போன போலந்துக்காரர் நிம்செவிச், அடிமைகளின் குடிசையைப் பார்த்து எழுதியிருக்கிறார். குடிசையருகே சின்னக் காய்கறிப் பாத்தி, குஞ்சுகளோடு அஞ்சாறு பெட்டைக்கோழிகள். வாத்தோ பன்றியோ வைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதியில்லை, இது ஒன்றுதான் விட்டுவைத்தது என்கிறார். ஜெஃபர்சனின் மான்டிசெல்லோவில் அவர் பேத்தி 1805க்கும் 1808க்கும் இடையில் எழுதிய வீட்டுக் கணக்கில், தங்கள் அடிமைகளிடமே காசு கொடுத்துக் கோழியும் முட்டையும் வாங்கியது பதிவாகியிருக்கிறது. மனிதரையே சொத்தாக வைத்திருந்தவன், அந்த மனிதரின் கோழியைக் காசுக்கு வாங்கியிருக்கிறான். வரலாற்றில் இப்படியும் விசித்திரம் உண்டு.

உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தபின் அதே மாநிலத்தில் கோர்டன்ஸ்வில் ரயில் சந்திப்பில் கறுப்பினப் பெண்கள் பொரித்த கோழியைத் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து, நிற்கும் ரயிலின் ஜன்னலோரம் நின்று விற்றார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் கைநீட்டி வாங்கித் தின்றார்கள். அப்படி விற்ற ஒரு தாயின் மகள், எங்கள் வீடு கோழிக்கால் காசில் வந்தது என்று பிற்காலத்தில் சொன்னதை வைத்தே சைக்கி வில்லியம்ஸ்-ஃபோர்சன் 2006இல் தன் நூலுக்குப் பெயர் வைத்தார். பதிலுக்கு வெள்ளையர் சமூகம் என்ன செய்தது? கறுப்பர் என்றால் கோழித்திருடர் என்று கேலிப்படம் போட்டது. 1915இல் வந்த ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ திரைப்படத்தில் கறுப்பின உறுப்பினர் சட்டசபையில் உட்கார்ந்து கோழி தின்பதாகக் காட்டினார்கள். கோழியால் வீடு கட்டினாலும் கோழியாலேயே அவமானம்.

இங்கே ஒரு வேறுபாடு உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அங்கே கறுப்பினக் கை சமைக்கலாம், வெள்ளையர் தின்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தின்னத்தான் கூடாது. அதற்காகத்தான் 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் நாலு மாணவர்கள் உணவுக்கடையில் போய் உட்கார்ந்தார்கள். இங்கே கையே ஆகாது. சேரிக் கோழி உயிரோடு ஊருக்குள் போகும். காலைக் கட்டித் தொங்கவிட்டால் அதற்குத் தீட்டு இல்லை. சேரி முட்டையும் போகும், ஓடு இருக்கும்வரை. அடுப்பில் ஏற்றி இறக்கிவிட்டால் போகாது. ஆண்டை வீட்டில் கொதித்த குழம்பு அப்பாயியின் கோழிதான். அதே குழம்பை அப்பாயி வைத்திருந்தால் அந்த வீட்டு நாய்க்கும் போட்டிருக்க மாட்டார்கள்.

இதன் பொருளாதாரத்தை யோசிக்க வேண்டும். உயிர்க்கோழிக்கு ஒரு விலை, சமைத்த கோழிக்கு அதைவிடப் பல மடங்கு. அந்த இடைவெளியில்தான் கோர்டன்ஸ்வில் பெண்கள் வீடு கட்டினார்கள். சேரிப் பெண்ணுக்கு அந்த இடைவெளி சாத்தப்பட்டிருந்தது. குஞ்சு பொரிக்கலாம், தீனி போடலாம், பருந்தோடு சண்டை போடலாம். லாபம் தொடங்கும் இடத்தில், அடுப்படியில், சாதி வந்து நின்றுகொண்டது. தீண்டாமை என்றால் அவமானம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இது பழங்கதை என்பவர்களுக்கு இன்னொன்று. தமிழ்நாட்டில் சத்துணவில் முட்டை 1989இல் வந்தது, 2010இலிருந்து வாரம் ஐந்து முட்டை. நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரியில் வரும் முட்டை. அதற்குச் சாதி கிடையாது, யார் வளர்த்த கோழி என்று யாருக்கும் தெரியாது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் திரண்டு மறித்தார்கள். அவரை இடம் மாற்றி உத்தரவு போட்டார்கள், எதிர்ப்பு வந்தபின் ரத்து செய்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. முட்டை நேற்றும் அதே முட்டை, இன்றும் அதே முட்டை. அவித்த கைதான் பிரச்சினை. மனு கோழியின் சிறகுக் காற்றுக்குப் பயந்தான். அவன் பேரன்மார் கோழியை மன்னித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டார்கள், கையை மட்டும் மன்னிக்கவில்லை.

நெடுஞ்சாலை ஓரங்களில் இன்று நாட்டுக்கோழிக்கு நல்ல விலை. பிராய்லர் தின்று சலித்தவர்கள் கிராமத்து ருசியைத் தேடி வருகிறார்கள். பலகைகளைப் படித்துக்கொண்டே போகிறேன். செட்டிநாட்டுக் கோழி இருக்கிறது, பள்ளிபாளையம் கோழி இருக்கிறது, கொங்குநாட்டுக் கோழி இருக்கிறது. எந்தப் பலகையிலும் சேரிக் கோழிக் குழம்பு என்று எழுதியதில்லை. 1500 வருசத்துக்கு முன்னால் மேற்சேரிக் கோழி என்று கல்லில் பெருமையாக வெட்ட முடிந்தது. இன்று மரப்பலகையில் எழுத முடியாது.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நில மீட்பு பற்றிப் பேசுகிறோம், பஞ்சமி நிலப் பட்டியல் எடுக்கிறோம். அது நடக்க வேண்டும். அதோடு கூட, உங்கள் ஊர்க் கிழவிகளிடம் போய்க் கோழிகளைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை வைத்திருந்தாய், யாரிடம் வாரத்துக்கு வாங்கினாய், எதை விற்று எதை வாங்கினாய், யார் பிடித்துக்கொண்டு போனார்கள், என்ன கொடுத்தார்கள். நிலத்தைப் பற்றிக் கேட்டால் தாத்தாக்கள்தான் பேசுவார்கள். கோழியைப் பற்றிக் கேட்டால் பாட்டிகள் பேசுவார்கள். வருசம், மாசம், கோழியின் நிறம் எல்லாம் சொல்வார்கள். ஆவணக் காப்பகத்தில் இல்லாத கணக்குப் புத்தகம் அவர்களிடம் இருக்கிறது, ரொம்ப நாளைக்கு இருக்காது.

அப்பாயி போன வருசம் போய்ச் சேர்ந்தது. கடைசியாக நான் பார்த்தபோது கூட்டைத் திறந்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தது. கண் சரியாகத் தெரியவில்லை. ‘கருப்பி இருக்காளா பாருடா’ என்றது. இருக்கிறாள் என்றேன். ‘யாரும் புடிச்சிக்கிட்டுப் போவலயே’ என்று கேட்டது.

1971இலிருந்து அது பட்டா மனை. ஐம்பது வருசம் கழித்தும் அப்பாயி அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.